அறையில் நோயாளி மட்டும்

கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர் சூசைமாணிக்கம். கதிர் வீணாக யார்மேலும் படக்கூடாது என்று, நோயாளியைத் தவிர ஒருவரையும் அறைக்குள் விடமாட்டார்.

1983 மழைக்காலத்தில், எஸ்டேட்டிலிருந்து கை ஒடிந்து வந்த குஞ்சம்மாளிடம் கேட்டார்.

“யாரும்மா அடிச்சது?”

“எம் புருஷன்ங்க.”

“வெளியில நிக்கிறானா?”

“அவரைப் பொதைச்சு ஒரு மாசமாச்சுங்க.”

வலியில் உளறுகிறாள் என்று நினைத்தார். கதவைச் சாத்தி, ஈயத் தடுப்புக்குப் பின்னால் நின்று படம் எடுத்தார். கழுவிய ஃபிலிமில், ஒடிந்த எலும்பை இன்னொரு கையின் விரலெலும்புகள் இறுகப் பற்றியிருந்தன.

எவனோ உள்ளே நுழைந்துவிட்டான் என்ற கோபத்தோடு அறைக்கு ஓடினார். குஞ்சம்மாள் தனியாகத்தான் கிடந்தாள். அவள் கழுத்தில் ஐந்து பள்ளங்கள் ஆழமாகிக்கொண்டிருந்தன. சூசைமாணிக்கம் அங்கே கைவைத்து, கண்ணுக்குத் தெரியாத அந்தப் பிடியைப் பலங்கொண்ட மட்டும் இழுத்தார்.

அவளுக்கு மூச்சு வந்தது. அவருடைய விரல்கள் ஒவ்வொன்றாகப் பின்பக்கம் வளையத் தொடங்கின.