முதலாளி ஏறாத லிஃப்ட்

"முதலாளி வீட்டு ஆளுங்க யாருமே நம்ம லிஃப்ட்ல ஏறறதில்ல. கவனிச்சிருக்கீங்களா, வெண்டல்?"

கேட்டுவிட்டு, லிஃப்டில் ஆட்களை ஏற்றிவிடும் ரோண்டா சுற்றும்முற்றும் பார்த்துக்கொண்டாள். அதற்குள் அவள் கையிலிருந்த சாண்ட்விச்சில் பாதியை வெண்டலின் நாய் பிக்கில்ஸ் விழுங்கிவிட்டது.

வெண்டல் கிரீஸ் கையைத் துணியில் துடைத்தார். கவனிக்காமல் என்ன? இரண்டு குளிர்காலமாக அவர் மனதை அரித்துக்கொண்டிருந்ததைத்தான் அவள் வாய்விட்டுச் சொல்லியிருந்தாள்.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்து அந்தச் சின்னப் பனிச்சறுக்கு மலைக்கு இருந்தது ஒரே ஒரு லிஃப்ட். நாற்பத்தாறு வயது. பதினான்கு கோபுரங்கள், கம்பிவடத்தில் தொங்கும் இரட்டை நாற்காலிகள். இருபத்தோரு வருடமாக வெண்டல்தான் அதற்கு மெக்கானிக். முதலாளி கார்வின் இந்த மலையை வாங்கி இரண்டு வருடம்தான் ஆகிறது. அவர் மனைவியும் இரண்டு பெண்களும் சனிக்கிழமை தோறும் நாற்பது மைல் காரோட்டிப் போய், அடுத்த மலையில் டிக்கெட் வாங்கிச் சறுக்கிவிட்டு வந்தார்கள். கார்வினோ சறுக்குப் பலகைகளைக் காலில் கட்டிக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க மலையை நடந்தே ஏறினார். கேட்டால், உடம்புக்கு நல்லதாம். சொந்த லிஃப்ட் தலைக்குமேல் காலியாகப் போய்க்கொண்டிருக்கும்போது யாருக்காவது இப்படி உடம்பின்மேல் அக்கறை வருமா?

"ஆகஸ்ட்ல நீங்க உங்க அக்கா வீட்டுக்குப் போயிருந்தப்ப ஒரு இன்ஜினியர் வந்தாரு," என்றாள் ரோண்டா. "கம்பிவடத்துல ஏதோ கருவிய மாட்டி ரெண்டு நாள் பாத்தாரு. ரிப்போர்ட்டும் வந்துச்சு. அதை முதலாளி மேஜைக்குள்ள வெச்சுப் பூட்டினதை என் கண்ணால பாத்தேன்."

வெண்டலுக்குச் சுருக்கென்றது. இதைப் பற்றிக் கார்வின் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே.

"தினம் காலையில முதல் சுத்து ஏறிப் பாக்கறவ நான். இனிமே எப்படி ஏறுவேன்? சனிக்கிழமை பள்ளிக்கூடப் பிள்ளைங்க வேற இருநூறு பேர் வர்றாங்க."

அன்று முழுக்க வெண்டல், பின்னால் பிக்கில்ஸ் உட்கார்ந்து வர, பனிவண்டியில் கோபுரம் கோபுரமாகப் போனார். ஏணியில் ஏறி உருளைகளைச் சுற்றிப் பார்த்தார், போல்ட்டுகளைத் தட்டிப் பார்த்தார், நாற்காலிகளின் பிடிகளை ஆட்டிப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. அதுதான் சந்தேகத்தை இன்னும் கிளறியது. வெளியே தெரிகிற கோளாறென்றால் அவர் கண்ணுக்குத் தப்பியிருக்காது. வடத்துக்கு உள்ளே, யாரும் எட்டிப் பார்க்க முடியாத இடத்தில் ஏதோ இற்றுப்போயிருக்கிறது. அது அந்த மனுஷனுக்குத் தெரியும். தன் பெண்டு பிள்ளைகளை ஒதுக்கி வைத்துக்கொண்டு, ஊரார் பிள்ளைகளை ஏற்றுகிறான். நினைக்க நினைக்க அவருக்கு வயிறு எரிந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைசி ஆளும் இறங்கியதும் லிஃப்டை நிறுத்தினார். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, பிக்கில்ஸ் பின்தொடர, நேரே கார்வினின் அறைக்குப் போனார்.

"சாவி எங்கிட்ட இருக்கு. அந்த ரிப்போர்ட்டை என் கண்ணுல காட்டற வரைக்கும் லிஃப்ட் ஓடாது."

கார்வின் மேஜையின் பூட்டிய இழுப்பறையைத் திறந்தார். ஒன்றல்ல, மூன்று ரிப்போர்ட்டுகள். மூன்று வெவ்வேறு இன்ஜினியர்கள். வெண்டல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிவரியாகப் படித்தார். மூன்றிலும் ஒரே பேச்சுதான். வடம் உறுதி, கோபுரங்கள் உறுதி, ஒழுங்காகப் பராமரித்தால் இன்னும் பத்து வருடம் தாராளமாக ஓடும்.

"எல்லாம் நல்லாத்தானே இருக்கு? அப்புறம் எதுக்குப் பூட்டி வெச்சீங்க? உங்க வீட்டுல ஏன் யாரும் ஏறமாட்டேங்கறாங்க?"

கார்வின் ஜன்னல் வழியே, நின்றுபோன நாற்காலிகளைப் பார்த்தார். மூன்று பேர் எழுதிக் கொடுத்தும் தனக்கு நம்பிக்கை வரவில்லை என்றார். காட்டியிருந்தால் வெண்டல் அதையே சாக்காக வைத்து உண்மையை மழுப்பிவிடுவார் என்றுதான் காட்டவில்லையாம். நாளை வரப்போகும் பிள்ளைகளை நினைத்து ஒரு வாரமாகத் தூக்கம் இல்லை. காலையில்தான் பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்து வரவேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். லிஃப்டைக் கழற்றிப் பழைய இரும்புக்கு எடுத்துக்கொள்ளும்படி கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாகிவிட்டது. இன்றோடு மலையை மூடுகிறார்.

இருபத்தோரு வருடம். வெண்டல் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"அப்படி என்னதான் கோளாறைக் கண்டீங்க அதுல?"

"அதைச் சொல்லவேண்டியது நீங்கதான், வெண்டல்." கார்வின் அவர் பக்கம் திரும்பினார். "இன்ஜினியர் ரெண்டு நாள் பாத்துட்டுப் போறவன். நீங்க தினம் பாக்கறவர். நான் வந்த இந்த ரெண்டு வருஷத்துல ஒரு தடவையாவது அந்த நாற்காலியில உக்காந்து போனீங்களா? ரோண்டாவை ஏத்தி அனுப்பிட்டு நீங்க பனிவண்டியில போறீங்க. ஏன்னு கேட்டப்ப, 'எனக்கு இதுதான் வசதி'ன்னு மூஞ்சியத் திருப்பிக்கிட்டீங்க. உங்களுக்கே பயமா இருக்கற லிஃப்ட்ல என் பிள்ளைங்களை எப்படி ஏத்துவேன்?"

வெண்டல் குனிந்து தன் காலடியைப் பார்த்தார். லிஃப்டில் ஏற்றிய முதல் நாளே மிரண்டு பாதி மலையில் கீழே குதிக்கப் பார்த்த பிக்கில்ஸ், அதற்குப் பிறகு கீழே விட்டுவிட்டு அவர் மட்டும் ஏறினாலும் ஊளையிட்டு ஊரைக் கூட்டிய பிக்கில்ஸ், அவருடைய பூட்ஸின்மேல் தலையை வைத்து நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.