மூன்றாவது கோடு

தையற்காரர் சாக்பீஸைக் கையில் எடுத்துவிட்டார்.

அவர் கடையின் பின்னறையில்தான் எங்கள் வாசகர் வட்டம் கூடும். உட்காரத் துணிக்கட்டுகள். சுவரில் எங்கள் நால்வரின் பெயர்கள். ஒருவர் சிபாரிசு செய்த புத்தகம் மற்ற மூவரில் ஒருவருக்குப் பிடிக்காமல் போனாலும், சிபாரிசு செய்தவர் பெயருக்கு நேரே ஒரு கோடு விழும். மூன்று கோடு விழுந்தால் ஒரு வருடத்துக்கு அவர் எந்தப் புத்தகத்தைப் பற்றியும் வாய் திறக்கக் கூடாது.

என் பெயருக்கு நேரே ஏற்கெனவே இரண்டு.

ஒரு வருடமா? என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்களிடம், எழுத்து தெரிகிறதா என்று கேட்ட கையோடு, இப்போது என்ன படிக்கிறீர்கள் என்றும் கேட்டுவிடுகிற ஜென்மம் நான்.

இந்த முறை நான் கொடுத்தது, பழைய புத்தகக் கடையில் அகப்பட்ட ஒரு துப்பறியும் கதை. ராஜா காலத்து அரண்மனை. ராஜாவுக்கு முன்னால் சாப்பாட்டை ருசி பார்க்கிறவன் செத்துப்போய், ஆவியாக அடுப்படிக்கே திரும்பி வருகிறான். தன்னைக் கொன்றது யாரென்று அவனுக்கே தெரியாது. சமையற்காரிதான் கண்டுபிடிக்க வேண்டும். அவளை வேலை செய்ய விட்டால்தானே? ஆவியான பிறகும் உப்பு குறைவு என்று நொட்டை சொல்லிக்கொண்டே இருக்கிறான். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது.

முதலில் படித்த தையற்காரர், முடிவு அபாரம் என்றார். அடுத்துப் படித்த நர்ஸ் அக்கா, முடிவை மட்டும் தன்னிடம் கேட்கக் கூடாது என்றார். அவர் போன வருடம் முழுக்க எங்கள் டீ கிளாஸ்களைக் கழுவியவர். யார் கையில் இருக்கும்போது புத்தகத்தில் பக்கம் கிழிகிறதோ, அவருக்கு இங்கே அதுதான் தண்டனை. அவர் மகள் கிழித்தது ஒரே ஒரு பக்கம்.

மிச்சம் பஸ் டிரைவர். கடைசி நிறுத்தத்தில் வண்டி நிற்கும் பத்துப் பத்து நிமிடங்களில் படிப்பவர். எந்தக் கதையானாலும் ஐம்பதாம் பக்கத்திலேயே கொலைகாரனைப் பிடித்து, இதெல்லாம் ஒரு கதையா என்று தூக்கிப் போட்டுவிடுவார். என் இரண்டு கோடுகளும் அவர் புண்ணியம்.

புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு டிரைவர் தொண்டையைச் செருமினார்.

"நான் தோத்துட்டேன். கடைசி வரைக்கும் கண்டுபிடிக்கவே முடியல."

தையற்காரர் சாக்பீஸைப் பெட்டியில் போட்டார். நர்ஸ் அக்கா கைதட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று எல்லாருக்கும் நானே டீ ஊற்றினேன்.

கிளம்பும்போது, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த என்னிடம் டிரைவர் வந்தார். உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, சத்தியமா நான் கிழிக்கல. என் கைக்கு வரும்போதே கடைசிப் பக்கமெல்லாம் இல்ல. கொன்னது யாருன்னு மட்டும் சொல்லிடுங்களேன்."

எனக்கு மட்டும் என்ன தெரியும்? நான் வாங்கும்போதே அது இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தோடு நின்றிருந்தது. அதைச் சொன்னால் யார் படிப்பார்கள் என்று சொல்லாமல் கொடுத்தேன். தையற்காரர் முடிவு அபாரம் என்றதும், அவருக்கு எங்கோ முழுப் புத்தகம் கிடைத்துவிட்டது என்று நம்பி, கேட்கவும் முடியாமல் இரண்டு மாதமாகத் தவித்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் சட்டென்று நின்றது.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லும்மா," என்றார் தையற்காரர்.