பானட்டில் சூடு

வாங்க வந்தவன் காரைச் சுற்றிப் பார்க்கவில்லை. நேராகப் போய் பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்தான்.

வைத்த கையை எடுக்காமலே காரின் சொந்தக்காரர் வெர்லினைத் திரும்பிப் பார்த்தான்.

"நான் வந்துதான் ஸ்டார்ட் பண்ணுவேன், அதுவரைக்கும் தொடாதீங்கன்னு போன்ல மூணு தடவை சொன்னேனே பெரியவரே. இப்பத்தான் அடுப்புலேர்ந்து இறக்கினீங்களா?"

வெர்லினும் தொட்டுப் பார்த்தார். சுட்டது.

ஆறிக் கிடக்கும் எஞ்சின்தான் உண்மையைச் சொல்லும். இருமுகிறதா, நீலப் புகை கக்குகிறதா, எல்லாம் முதல்முறை சாவி திருப்பும்போதுதான் தெரியும். பழைய கார் வாங்கப் போன இடத்தில் பானட் சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள், பேசாமல் வீட்டுக்குப் போய்விடு. இது வெர்லினின் விதி. முப்பது வருடமாகச் சாப்பாட்டு மேசையில் வந்தவர் போனவர் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார்.

"சத்தியமா நான் தொடலப்பா. காலையிலேயே மருந்துக் கடைக்குப் போயிட்டு இப்பத்தான் என் பிக்கப்ல வந்து இறங்கறேன்."

"அப்ப அதுவே எழுந்து வாக்கிங் போயிட்டு வந்துச்சாக்கும்!"

ஓஹையோவின் அந்தக் கோடியிலிருந்து நான்கு மணி நேரம் ஓட்டி வந்தவன். வெர்லின் தன் கையால் எஞ்சினில் பொருத்திய பெரிய டர்போவின் விசிலை ஒரு தடவைகூடக் கேட்காமல், காலி ட்ரெயிலரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

வெர்லின் ஷெட்டுக்குள் வந்து நின்றார். எண்பத்தேழாம் வருடத்துக் கறுப்பு ப்யூக் கார். அதை விற்கும் பணத்தில்தான் மனைவி நடீனுக்கு மூன்றாவது சுற்றுப் புற்றுநோய்ச் சிகிச்சை. இன்ஷூரன்ஸ்காரர்கள் எப்போதோ கையை விரித்துவிட்டார்கள்.

"போதும் வெர்ல், இன்னொரு தடவை என்னால தாங்க முடியாது" என்று நடீன் சொன்னது உண்டு. நோயாளி அப்படித்தான் சொல்வாள் என்று அவர் விட்டுவிட்டார்.

காரை விற்கப்போகிறேன் என்றபோது அவள் ஒரு வார்த்தை தடுக்கவில்லை. அவளுக்கு அந்தக் காரைக் கண்டாலே ஆகாது. அது வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஸ்டீயரிங்கைத் தொட்டதுகூட இல்லை.

வயர் ஏதாவது கருகி, அதனால்தான் சுடுகிறதோ? பார்க்கலாம் என்று கதவைத் திறந்து உட்காரப்போனார். உட்கார முடியவில்லை. முழங்கால் ஸ்டீயரிங்கில் இடித்தது.

ஆறடி மனிதர் கடைசிப் பல் வரை பின்னால் தள்ளி வைத்திருந்த சீட், கடைசிப் பல் வரை முன்னால் இழுக்கப்பட்டிருந்தது.

ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. அப்படியே நின்று வீட்டைப் பார்த்தார்.

சமையலறை ஜன்னலில் கண்ணாடியின் பாதி உயரம்கூட எட்டாமல், கம்பளித் தொப்பி போட்ட நடீனின் தலை தெரிந்தது. ஒரே கோப்பையைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

தான் மேசையில் பேசுவதை அவள் காதில் வாங்குவதே இல்லை என்றுதான் இத்தனை வருடமும் அவர் நினைத்திருந்தார்.