கழுத்து சாய்ந்த குஞ்சுகள்

சோழபுரத்தில், தன் கடலைச் செடிகளைக் கிளறிய பக்கத்து வீட்டு நாகஜோதியின் கோழியை மாரிசெல்வம் கழுத்தைத் திருகிக் கொன்றான். வைக்கோல் படப்பில் அது அடைகாத்து வந்த முட்டைகளை எடுத்துவந்து தன் வீட்டு இன்குபேட்டரில் வைத்தான்.

எல்லாம் பொரிந்தன. மனைவி தீவனம் போட்டால் குஞ்சுகள் ஓடிவந்து கொத்தின. அவனைக் கண்டால் மட்டும் அத்தனையும் கழுத்தை ஒருபக்கமாகத் திருகிக்கொண்டு அசையாமல் கிடந்தன.

ஒருநாள் நாகஜோதி வாசலில் வந்து நின்றாள்.

“எங்கோழிய இன்னுந்தான் தேடுதேன். எங்கயாச்சும் பாத்தீயளாண்ணே?”

“நரி தூக்கிட்டுப் போயிருக்கும் தாயி.”

அவன் குரல் கேட்டதும் முற்றத்தில் மேய்ந்த குஞ்சுகள் கழுத்தைத் திருகிக்கொண்டு விழுந்தன. நாகஜோதி அவற்றைப் பார்த்தாள். பிறகு அவன் கைகளைப் பார்த்தாள்.

“நரி கழுத்தத் திருகுமாண்ணே?”

அவள் அழுதுகொண்டே போனாள். குஞ்சுகள் எழுந்தன. மாரிசெல்வத்தின் கால்களைச் சுற்றி நெருங்கி நின்று, அவன் கழுத்தையே அண்ணாந்து பார்த்தன.