அவசரத்துக்கு ஒரு பெயர்

அலுவலகக் கணினியில் தன் விவரப் பக்கத்தில், அவசரத்துக்கு யாரை அழைப்பது என்ற இடத்தில், பிரிந்துபோன கணவனின் பெயரை எடுத்துவிட்டுத் தங்கை பெயரைப் போடுவாள் சுகந்தி. மறுநாள் அலுவலகம் வந்து பார்த்தால் அவன் பெயர் மறுபடியும் அங்கே உட்கார்ந்திருக்கும். பொறுக்க முடியாமல் கணினிப் பிரிவு ஃபெலிக்ஸிடம் போய் நின்றாள்.

"அவரும் நம்ம கம்பெனிதானே மேடம், கோவைக் கிளையில? கிளவுட் சர்வர் தினமும் ரெண்டு கிளைப் பதிவையும் ஒத்துப் பாக்குது. அவர் பதிவுல அவசரத்துக்கு உங்க பேர் இருக்கறதால, இங்க அவர் பேரைத் திரும்பப் போட்டுடுது. இணைப்பை வெட்டிடறேன். அங்க உங்க பேரும் போயிடும்."

மழையில் அவன் வண்டி ஓட்டும் லட்சணம் அவளுக்குத் தெரியும்.

"அங்க என் பேர் இருக்கட்டும். இங்க மட்டும் அவர் வேண்டாம். முடியுமா?"

"ஒருவழிப் பாதையா வைக்கலாம். ஆனா நீங்க அவர் பேரை எடுத்தது அவருக்குத் தெரியாது."

"தெரிய வேண்டாம்" என்றாள் சுகந்தி.