உறை போட்ட மெஷின்

வெல்டிங் பட்டறைக்கு வேலை கேட்டு வந்த பெண் மேஸ்திரி சோதனைக்குக் கொடுத்த இரும்புத் துண்டின் மேல் குனிந்திருக்கிறாள். பயிற்சி நிலையத்தில் ஒரு வருஷம் வெல்டிங் படித்து வாங்கிய முதல் வகுப்புச் சான்றிதழ் பையில் பத்திரமாக இருக்கிறது. வெல்டிங் ராடோ இரும்பில் ஒட்டிக்கொண்டு வருவேனா என்கிறது. மெஷின் உறுமுகிறது. எட்டிப் பார்த்த ஒருவன் களுக்கென்று சிரிக்கிறான். மேஸ்திரி சுவிட்சை அணைத்துவிட்டு ராடை முறுக்கிப் பிடுங்குகிறார். "ஏம்மா, இந்த அழுத்து அழுத்துனா ஒட்டாம என்ன செய்யும்? தீக்குச்சி மாதிரி உரசிட்டு லேசாத் தூக்கணும். இதுகூடவா சொல்லித் தரல?" அவள் முகமூடியைத் தூக்குகிறாள். "சாக்பீஸால இரும்புல கோடு போட்டுதாங்க பழகுனோம்." "ஏன், அங்க மெஷின் இல்லையா?" "இருந்துச்சு. புத்தம் புதுசு. ரிப்பேராயிடும்னு உறையக் கழட்டவே விடல. அதிகாரி வந்த அன்னிக்கு மட்டும் கழட்டி, பக்கத்துல எங்கள நிக்க வெச்சு போட்டோ எடுத்துட்டு, மறுபடி மூடிட்டாங்க." இந்தப் பட்டறை மெஷினுக்கு உறையே கிடையாது; கரியேறி, கைப்பிடியில் பழந்துணி சுற்றி, நாள் முழுக்க உழைக்கிறது. அவள் அதன் கைப்பிடியை ஒருமுறை தொட்டுப் பார்க்கிறாள். பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நகர்கிறாள்.

"அடுத்த ஆளு வாங்க," என்கிறார் மேஸ்திரி. கூடப் படித்தவள் வருகிறாள், அதே சான்றிதழ். ராடைப் பிடிக்கும் ஹோல்டரை வாங்கி, முகமூடியை இறக்கி, ராடை இரும்புக்குக் கொண்டுபோகிறாள். சாக்பீஸால் கோடு போடுவதுபோல் அழுத்தப் போகிற கை அது. "அழுத்தாதடி!" வாசலிலிருந்து இவள் போட்ட சத்தத்தில் பட்டறையே திரும்புகிறது. "உரசு! உரசிட்டுத் தூக்கு!" பட்டென்று நீல வெளிச்சம் பிடித்துக்கொள்கிறது. ஒரு வருஷமாக உறை போட்டு மூடி வைத்திருந்தது இந்த ஒரு உரசலைத்தான்.