மாத்திரை வேண்டாம்

“முழங்கால் குருத்தெலும்பு தேய்ஞ்சிருக்கும்மா. ஸ்டீராய்டு ஊசி சீக்கிரம் கேட்கும், ரொம்ப நாள் நிக்காது. ஜெல் ஊசி மெதுவா கேட்கும். இன்னொண்ணு, உங்க ரத்தத்திலிருந்தே பிரிச்சுப் போடுறது” என்றார் டாக்டர்.

“இதுல எது கிட்னிப் பக்கமே போகாது?” என்று கேட்டார் மாமியார்.

மருமகள் தலையில் அடித்துக்கொண்டாள். “இதே பாட்டுதான் டாக்டர். சுவரைப் பிடிச்சுக்கிட்டு நடக்குறாங்க. கிட்னி கெட்டுடும்னு வலி மாத்திரையைத் தொடவே மாட்டேங்கிறாங்க.”

டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டினார். “உங்க கிட்னி இருபது வயசுப் பொண்ணு கிட்னி மாதிரி இருக்கு. அப்புறம் என்ன பயம்?”

மாமியார் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அடுத்த மாசம் ஆபரேஷன். ஒண்ணை எடுத்து இவளுக்கு வைக்கப் போறாங்க. கெட்டுப்போனதையா டாக்டர் குடுக்கிறது?”